பைக் ஏறுகிற சாய்தளம்

தஞ்சாவூரில் ஒரு அரசு அலுவலகத்தின் வாசலில் ஒரு சாய்தளம் இருக்கிறது. ஐந்து படிகளுக்குப் பக்கத்தில், எட்டடி நீளத்தில், இரண்டு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடியோடு. அது தொடங்கும் இடத்தில் நீலச் சதுரத்துக்குள், சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் படம் வரைந்திருக்கிறார்கள். அதன் மேல் ஒரு சக்கர நாற்காலி ஏறிப் போய் யாரும் பார்த்ததில்லை. ஏற முடியாது. எனக்கு அது தெரியும், அதைக் கட்டியவன் நான்.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. ஒன்றின் பெயரை எழுதினால் மற்றவர்கள் எல்லாம் அது அங்கேதானே என்று தப்பித்துக்கொள்வார்கள். தஞ்சாவூரில் நான் கட்டிய சாய்தளங்கள் நிறைய. எல்லாம் ஒரே மாதிரிதான்.

நான் கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தொழில் என்பதால் அந்தக் குறை வெளியே தெரியாமல் ஐம்பதைத் தொட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டை உயர்த்தித்தான் கட்டுவோம். கார்த்திகையில் வாய்க்கால் வழிந்தால் தண்ணீர் தெருவுக்கு வரும். அது ஒரு காரணம். தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டே போகிறார்கள், அது இன்னொரு காரணம். தெரு உயர உயர வீடும் உயரும். உயர்ந்த வீட்டுக்குள் பைக் ஏற வேண்டும். அதனால் வாசலில் ஒரு சரிவு. இதற்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஓரடி உயரத்துக்கு மூன்றடி நீளம். ஈரம் காய்வதற்குள் கம்பியை அழுத்தி நாலு விரல் இடைவெளியில் குறுக்குக் கோடு போடுவோம், மழையில் டயர் வழுக்காமல் இருக்க. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் முதல் கியரில் ஏற்றிப் பார்ப்பார். ஏறினால் சரி. எனக்குக் கற்றுக்கொடுத்தவருக்கும் இந்தக் கணக்குத்தான் தெரியும்.

அந்த அலுவலகம் கட்டும்போது இன்ஜினியர் கொடுத்த கட்டடப் படத்தில் சாய்தளம் வேறு மாதிரி இருந்தது. முன்வாசலில் இல்லை. தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியில் தொடங்கி, சுவரை ஒட்டியே நீண்டு போய் காம்பவுண்டு வெளிக்கதவுப் பக்கம் முடிந்தது. படத்தைக் காண்டிராக்டரிடம் காட்டினேன்.

"அந்தப் பக்கம் ஆபீசருக்கு கார் ஷெட் வருதுப்பா. நீ முன்னாடி நேரா எறக்கிவிடு. ராம்ப்னு ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

உயரம் இரண்டரை அடி. எங்கள் கணக்குப்படி ஏழரை அடி போதும், நான் எட்டடியாகவே போட்டேன். கம்பியால் கோடும் போட்டேன். காய்ந்த பிறகு காண்டிராக்டர் தன்னுடைய பைக்கில் மேலே ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். "அருமையா ஏறுது" என்றார். யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். இது யாருக்காக என்று நான் கேட்கவில்லை. நீலப் படத்தை வரைகிறவர் என் கண் முன்னால்தான் வரைந்தார். அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அடுத்த வருடம் என் மனைவி விழுந்தாள்.

அவள் பிளஸ் டூ படித்தவள். ஆனாலும் சம்பா நடவு வந்தால் கூட்டத்தோடு போவாள். வீட்டில் சும்மா இருக்க முடியாது அவளால். இருபது பெண்களை டிராக்டர் டிரெய்லரில் நிற்க வைத்துக் கூட்டிப் போவார்கள், நெல் மூட்டைக்கும் அதே டிரெய்லர்தான். வாய்க்கால் கரையில் மதகு திருப்பத்தில் டிரெய்லர் சாய்ந்தது. மற்றவர்கள் சேற்றில் விழுந்தார்கள். இவள் மதகின் கட்டை மேல் விழுந்தாள். முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே அதன் பிறகு உணர்வு எதுவும் இல்லை. டிராக்டர்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்.

சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு, வாசலில் என் கையால் கட்டிய சரிவு. ஒன்றரை அடி உயரம், நாலரை அடி நீளம். என் பைக் அதில் பதினைந்து வருடமாக ஏறி இறங்குகிறது. அவள் சக்கரத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. பின்னால் சாயப்போனவளை நான் நெஞ்சால் தாங்கினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"உங்க பைக்குக்கு இன்ஜின் இருக்கு. எனக்கு என்னங்க இருக்கு?"

தூக்கி உள்ளே வைத்தேன். மூன்று மாதம் அவள் வெளியே வரவில்லை.

பிறகு அந்தச் சரிவை இடித்தேன். ஒன்பது அடிக்குப் போட்டேன், ஏறவில்லை. இடித்துப் பன்னிரண்டடிக்குப் போட்டேன், பாதி வரை போய் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். மறுபடி இடித்தேன். பதினெட்டு அடி, வாசலை அடைத்து வளைத்து, கோடு போடாமல் ஈரத்திலேயே துடைப்பத்தால் மட்டும் இழுத்துவிட்டேன். மூன்றாவது முறை அவள் மேலே போனாள், கதவைத் தள்ளினாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஓர் அங்குலம் ஏறச் சரிவு ஓரடி நீள வேண்டும். முப்பது வருடத் தொழிலில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அன்றைக்கே அந்த அலுவலகத்துக்குப் போய், நான் கட்டியது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் சாலையின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு வருடம் அப்படிப் போனேன்.

இதற்குள் அவள் எங்கள் தெருக்கோடி ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். அந்தக் கடை மட்டும் தெருவை விடத் தாழ்ந்த கடை, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகும். ஆனால் அவளால் நேராக உள்ளே போக முடிந்தது. சான்றிதழ் விண்ணப்பங்களை வேகமாக அடிப்பாள். கடைக்கார அம்மாதான் விண்ணப்பம் போடச் சொன்னார்கள். ஒரு அரசு அலுவலகத்தில் பொதுமக்களுக்கு விண்ணப்பம் பதிகிற கவுண்டருக்கு ஒரு ஆள் எடுக்கிறார்கள், மகளிர் குழு மூலமாக. இவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் வந்தது. கடிதத்தை அவள் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். விழுந்ததற்குப் பிறகு அவளாக ஆசைப்பட்ட முதல் விஷயம் அது.

எந்த அலுவலகம் என்று கடிதத்தில் பார்த்தேன். நான் சாலையின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு கடந்துபோகிற அதே அலுவலகம்.

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரியைப் பார்க்கப் போனோம். எங்கள் வீடு வடவாற்றுக் கரையோரம். அலுவலகம் ஒன்றரை கிலோமீட்டர். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் பைக் ஏற ஒரு சரிவை அதன் மேல் நீட்டியிருக்கிறார். ஒரு சரிவு, ஒரு பள்ளம், ஒரு சரிவு, உடைந்த சாக்கடை மூடி. அவள் நடைபாதையை விட்டுச் சாலையில்தான் சக்கரத்தைத் தள்ள வேண்டும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். வீல் சேர் ரோட்டுல எதுக்கு என்று ஒருவர் பைக்கில் போகிறபோதே கத்திவிட்டுப் போனார். அந்தச் சரிவுகளில் நாலைந்து நான் போட்டவை. எண்ணிக்கொண்டே நடந்தேன்.

அலுவலக வாசலில் சாய்தளத்தின் நடுவில் ஒரு பைக் நின்றது. மேலே தாழ்வாரத்தில், நிழலில், இன்னும் மூன்று. ஊழியர்கள் தினமும் அதன் மேல்தான் ஏற்றி நிறுத்துகிறார்கள். நான் கட்டியது அதற்குத்தான் பொருத்தம்.

"வண்டியெல்லாம் மனு குடுக்க வந்திருக்கா?" என்றாள் என் மனைவி.

ஓர் ஊழியர் ஓடிவந்து தன் பைக்கை இறக்கினார். "வழியில நிறுத்தாதீங்கன்னு எவ்வளவோ சொல்றோம்மா, யாரு கேக்குறா" என்றார்.

"உங்க வண்டிக்கிட்ட தனியாச் சொல்லிப் பாருங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டு ஒதுங்கினார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாய்தளத்தைக் கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தாள். பிறகு தள்ளினாள். முதல் கோட்டில் முன் சக்கரம் தட்டி நின்றது. மறுபடி தள்ளினாள். இரண்டடி போயிருப்பாள், நாற்காலியின் முகம் வானத்தைப் பார்த்துக் கிளம்பியது. எனக்குத் தெரியும், அதனால் பின்னாலேயே நின்றிருந்தேன். பிடித்துக் கீழே இறக்கினேன். அவள் மூன்று முறை முயன்றாள். மூன்றாவது முறை உள்ளங்கை கிழிந்தது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அலுவலக உதவியாளர்கள் நாலு பேர் வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை.

"அக்கா, நாலு பேரு இருக்கோம். ஒரே தூக்கு."

"தெனம் காலையில ஒரு தூக்கு, சாயங்காலம் ஒரு தூக்கா தம்பி?"

"சாமி புறப்பாடுன்னு நெனச்சுக்குங்கக்கா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சாமின்னா மொதல்ல விழுந்து கும்பிட்டுட்டுத்தான் தூக்கணும். விழுங்க, நான் உக்காந்துருக்கேன்."

சிரிப்பு நின்றது. அவள் தூக்க விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவளைத் தூக்கியிருக்கிறார்கள். ஓட்டுப் போடப் போன இடத்தில், பாங்கில், ஒரு கல்யாண மண்டபத்தில். மண்டபத்திலிருந்து வந்த அன்று என்னிடம் சொன்னாள்: "தூக்குறவன் கை எங்க படுதுன்னு தூக்குறவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மத்தவங்களுக்கு அது உதவி." அன்றோடு முடித்துக்கொண்டாள். இனி என்னைத் தவிர யாரும் தூக்கக் கூடாது, நானும் வெளியிடத்தில் தூக்கக் கூடாது.

அதிகாரி வெளியே வந்தார். மேல்படியில் நின்று பேசினார். மென்மையாகத்தான் பேசினார்.

"உங்களுக்கு ஒரு வழி பண்ணணும்னு எனக்கும் ஆசைதாம்மா. ஆனா வேலைன்னா தெனம் தானா வரணும், தானா போகணும். தெனம் தூக்க ஆள் விட முடியுமா? திங்கக்கிழமை பத்து மணிக்கு சீட்ல இருங்க, கையெழுத்துப் போட்டுர்றேன். முடியலேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளு இருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"ராம்ப் ஏற முடியல சார்" என்றாள்.

"ராம்ப் இருக்கேம்மா" என்றார் அவர், அதைக் கையால் காட்டி. பிறகு உள்ளே போய்விட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். திரும்பி வரும்போது பாதி வழியில் அவள் நாற்காலியை நிறுத்தினாள்.

"அதக் கட்டுனவன் கண்ண மூடிக்கிட்டுக் கட்டுனானா?"

"நான்தான் கட்டுனேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். ஒரு லாரி போனது, ஒரு பஸ் போனது. "நான் விழுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள்.

"முன்னாடி."

"தெரிஞ்சதுக்கு அப்பறம் ஏன் போய்ச் சொல்லல?"

அவள் கிழிந்த கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். வீட்டில் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. தலையணைக்குக் கீழே இருந்த கடிதத்தை எடுத்து ஜெராக்ஸ் கடைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. முதலில் என் மேல். அதன் பிறகு ஒவ்வொருவர் மேலும்.

அன்று மதியமே காண்டிராக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ராம்ப். வீல் சேர் ஏற மாட்டேங்குது."

"எந்த ராம்ப்?"

சொன்னேன்.

"அது முடிஞ்சு ஒப்படைச்சு எவ்வளவு நாளாச்சு. இப்ப வந்து கேக்குற?"

"படத்துல கெழக்குப் பக்கம் நீளமா இருந்துச்சுண்ணே. நீங்கதான் நேரா எறக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். கட்டுனது யாரு? நானா கரண்டி புடிச்சேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொண்டாட்டிக்காகன்னு கேள்விப்பட்டேன். கஷ்டம்தான். ஆனா ஒரு ஆளுக்காக கவர்மெண்ட் பில்டிங்க மாத்த முடியுமா தம்பி?" என்றார்.

ஒரு ஆள் என்கிற அந்தச் சொல் என்னை விடவே இல்லை. கட்டடத்தில் ஒரு ஆளுக்காக ஒரு கார் ஷெட் கட்ட முடிந்தது.

சனிக்கிழமை அந்தக் கட்டடத்தின் இன்ஜினியரைப் பார்க்கப் போனேன். இரண்டு மணி நேரம் வெளியே நின்றேன். உள்ளே போனதும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன், நிறுத்தினால் வராது என்று.

"என்னய்யா சொல்ற? ராம்ப் இருக்குன்னு பதிவாயிருக்கு, போட்டோ இருக்கு. இருக்குறத எப்படி மறுபடி கட்டுறது? இல்லாத எடத்துக்கே பணம் குடுக்க வழியக் காணோம்."

"அது பைக் ஏறுற மாதிரி இருக்கு சார்."

"கட்டுனது நீதானே?"

"ஆமா சார்."

"அப்பறம்?" என்றார். காகிதத்தை இழுத்துக்கொண்டார். எழுதிக்கொடுத்தால் மேலே அனுப்புவதாகவும், அடுத்த நிதி வரும்போது பார்க்கலாம் என்றும் நான் கதவருகில் போனபோது சொன்னார். திங்கட்கிழமை பத்து மணி என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், அப்போது என் கை சும்மா இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் செங்கல் அடுக்கியிருந்தது, மாடியில் ஓர் அறை எடுக்கலாம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. அதன் முன்னால் நின்றேன். அவள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செங்கல்ல கைவெக்கப் போறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"ஆபீஸ் ராம்ப்புக்கு."

"எடுத்துக்குங்க. மாடி எனக்கெதுக்கு."

சிமெண்ட் போட்டால் ஏழு நாளாவது தண்ணீர் காட்டி இறுக விட வேண்டும். எனக்கு இருந்தது ஒரு நாள். அதனால் சேற்றுக் கலவையில் இரண்டு பக்கமும் செங்கல் சுவர், நடுவில் கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமுசுக் கட்டையால் இடித்து இறுக்குவது, மேலே செங்கல்லைப் படுக்க வைத்து இடுக்கில் மணல் நிரப்புவது என்று முடிவு செய்தேன். வயல் பக்கம் வண்டிப்பாதைக்கு இப்படிச் செய்வதுண்டு. இரண்டு மழை தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு லோடு கிராவல் வந்தது. என்னோடு இருபது வருடமாகச் சித்தாள் வேலை செய்கிற அக்காவும் அவர் புருஷனும் வந்தார்கள். அவரும் கொத்தனார்தான். அலுவலகக் காவலாளி எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்.

"இன்னைக்கு வேலைன்னு யாரும் சொல்லலியே?"

நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. சித்தாள் அக்கா கேட்டார்: "ராம்ப் சரி பண்ண வந்துருக்கோம்ணே. உங்க அம்மா எப்படி இருக்காங்க, இடுப்பு எலும்பு முறிஞ்சு கெடந்தாங்களே?"

"கெடக்குறாங்க. பென்ஷனுக்கு ரேகை வெக்க இங்க தூக்கிட்டு வந்தேன் போன மாசம்" என்றார் அவர். சாய்தளத்தைப் பார்த்தார். "நான் டீ குடிக்கப் போறேன். எனக்கு எதுவும் தெரியாது" என்று சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். மதியம் திரும்பி வந்து எங்களோடு சேர்ந்து கிராவல் அள்ளினார்.

பழையதை நான் தொடவில்லை. தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியில் மூன்றரை அடி அகலத்துக்குத் திறப்பு அப்படியே இருந்தது, படத்தில் விட்டிருந்த வழி. அதைப் பூந்தொட்டி வைத்து அடைத்திருந்தார்கள். தொட்டிகளை நகர்த்தினேன். அங்கிருந்து தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் பிடித்து, நூல் கட்டி, சுவரை ஒட்டி முப்பது அடி. நூல் நேராகக் கார் ஷெட்டின் வாயைக் குறுக்கே அடைத்துப் போனது.

"கார் எப்படிடா உள்ள போகும்?" என்றார் சித்தாள் அக்காவின் புருஷன்.

"போகாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. பிறகு கரண்டியை எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் முடிந்தது. ஓரத்தில் சக்கரம் வழுவாமல் இருக்க இரண்டு வரிசை செங்கல் உயர்த்தி வைத்தோம். திமுசுக் கட்டையைத் தூக்கித் தூக்கி என் தோள் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் ஒருவர் நினைவு வந்தது. ஒவ்வொரு அடியும் நன்றாக இறங்கியது.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அதிகாரியின் கார் வந்தது. என் மனைவி அப்போதுதான் வெளிக்கதவு வழியாக உள்ளே வந்து சரிவின் அடியில் சக்கரத்தை வைத்தாள். கார் அவளுக்குப் பின்னால் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"நடுவுல யாருய்யா இதக் கட்டுனது? வண்டி போக வேணாமா?"

"எனக்கும் வண்டிதாங்க" என்றாள் அவள். "இது மேல போகுது. உங்களுது எங்க போகுது?"

அதிகாரி இறங்கினார். முப்பது அடியையும் பார்த்தார், கார் ஷெட்டைப் பார்த்தார். "யார் கட்டுனது?" என்றார்.

"நான் சார்" என்றேன்.

"யாரு பர்மிஷன் குடுத்தா?"

ஊழியர்கள், மனு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி ஓர் இடத்தில் நான் வாழ்நாளில் பேசியதில்லை. முன்வாசல் சாய்தளத்தைக் காட்டினேன்.

"அதையும் நான்தான் கட்டினேன் சார். தப்பாக் கட்டினேன். அப்ப யாரும் பர்மிஷன் கேக்கல. இது உங்க படத்துல இருக்குற எடத்துல, படத்துல இருக்குற நீளத்துல கட்டினது. இதுக்குக் கேக்குறீங்க."

"இது கவர்மெண்ட் எடம். இடிக்கச் சொன்னா என்ன பண்ணுவ?"

"இடிச்சுர்றேன் சார். பத்து மணிக்கு அப்பறம்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தள்ளத் தொடங்கிவிட்டாள். யாரும் அவளுக்குப் பின்னால் போகவில்லை. நானும் போகவில்லை, போகக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு தள்ளு, ஒரு நிறுத்தம். செங்கல் மேல் சக்கரம் உருள்கிற சத்தம் மட்டும் கேட்டது. பதினைந்தாவது அடியில் கட்டுப் போட்ட கையை உதறினாள். யாரோ "தள்ளிவிடவாம்மா" என்றதற்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். மேலே போனாள். தாழ்வாரத்தில் நின்ற பைக்குகளுக்கு நடுவில் நுழைந்து, கதவைத் தாண்டி, கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றாள். அதிகாரி வெயிலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாக நாலு நிமிடம் இருந்தது.

அவர் கையெழுத்துப் போட்டார். மனம் மாறிப் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் கையில் செல்போன் இருந்தது. கார் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனது. சற்று நேரத்தில் ஒரு பெரியவர் ஊன்றுகோலோடு வந்து, படியைப் பார்த்தார், செங்கல் சரிவைப் பார்த்தார், யாரையும் கேட்காமல் சரிவில் ஏறிப் போனார். 'ஒரு ஆள்' என்றாரே காண்டிராக்டர், அவரை அங்கே நிற்க வைத்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் இறங்கி வந்தாள். முகத்தில் களைப்பும் பெருமையும் இருந்தன. ஆனால் உதடு வெடித்திருந்தது. காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே மடியில் இருந்தது.

"தண்ணி குடிக்கலையா?"

"குடிச்சா போகணும்ல."

"ஏன், உள்ள பாத்ரூம் இருக்கே?"

"இருக்கு. கதவுல அதே நீலப் படம்கூட ஒட்டியிருக்கு. கதவு நெல அகலம் ரெண்டடிதான். என் வண்டி இருபத்தாறு அங்குலம். மூணு தடவ இடிச்சுப் பாத்தேன்." கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்தாள். பிறகு நின்று, என் முகத்தைப் பார்த்தாள். "அந்த நெலைய வெச்சதும் நீங்கதானா?"

"ஆமா" என்றேன்.

பாட்டிலைத் திறந்து, நடுச்சாலையில், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, முழுவதையும் குடித்து முடித்தாள்.

மறுநாள் காலை அவளோடு நானும் போனேன். பையில் அந்த நிலையைப் பெயர்க்க டேப்பும் உளியும் சுத்தியலும் இருந்தன. அவள் கவுண்டருக்குப் போனாள். நான் அதிகாரியின் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் இன்னும் வரவில்லை. உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. வெளியே மரத்தடியில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் நடந்து வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டேன்.